காரைக்காலம்மையார் களைந்த வனப்பு

திருச்சிற்றம்பலம்



ஆனித் திங்கள் முழுமதியை ஒட்டிக் காரைக்காலில் ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா நிகழ்வதை நீவிர் அறிவீர். பிச்சாடனக் கோலத்தொடு எழுந்தருளிவரும் பெருமானை நோக்கி அன்பர்கள் மாங்கனிகளை வாரி இறைக்கும் அக்காட்சி எத்தகைய கன்னெஞ்சையும் உருக்கவல்லது. அத்திருவிழாவை அடுத்த நாளொன்றில், ஓரூர்த் திருக்கோயில் மண்டபத்திலே யாம் அம்மையாரது வரலாற்றை விரித்துரைத்தேம். விரிவுரை முடிந்து அன்பர்கள் திருநீறு பெற்றுச் சென்றபின், ஒரு தாய் மட்டும் தூண் அருகில் நின்றனர். அவர் கேட்ட வினா இது: “ஐயா, அம்மையார் தமக்கிருந்த அழகை வேண்டாவென்று விட்டார். என் மகளோ தனக்கு அழகில்லை என்று கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். இங்கே வந்தால் உறவினர் அவள் நிறத்தையே பேசுகின்றனர். நான் அவளுக்கு என் சொல்வது?”

யாம், வழக்கமாக எல்லாருஞ் சொல்லும் விடையையே சொன்னேம். யாக்கை நிலையாதது, இளமை நில்லாதது, நில்லாததன் அழகைக் குறித்து வருந்துதல் அறியாமை என்றேம். அவ்வன்னையார் சிறிதுபோது வாளாவிருந்து, “நிலையாதென்பது அவளுக்குத் தெரியும், ஐயா, பேசுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை” என்று கூறிச் சென்றனர்.

அவ்வொரு மொழி எம்மைப் பன்னாள் உறங்கவொட்டாது செய்தது. நோயுற்றார் ஒருவராக, மருந்தை வேறொருவர்க்கு ஊட்டினேம் என்பதை உணர்ந்தேம். அன்று சொல்லத் தவறிய விடையை இன்று இவ்விதழின் வாயிலாகச் சொல்லப் புகுகின்றேம். இவ்விடை அம்மகளுக்கு உரியதினும் நமக்கே பெரிதும் உரியது என்பது போகப்போகப் புலனாகும்.

முதற்கண், உடம்பைப்பற்றி நம் சித்தாந்தம் கூறுவது யாது என்று ஆராய்வாம். உடம்பு இழிவுடையதென்று வெறுத்து ஒதுக்குவது சைவத்தின் கொள்கையன்று. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் மாயையினின்றும் தோற்றுவித்து உயிர்க்கு வழங்கியவன் இறைவனே. எற்றுக்கு எனின், ஆணவ இருளில் அழுந்திக்கிடக்கும் உயிர் சிறிதேனும் அறிவு விளங்கப்பெற்று, வினையை நுகர்ந்து கழித்து, திருவடியை அடைதற்பொருட்டென்க. ஞாயிறு எழுமளவும் இருளில் வழிநடப்பார்க்கு ஒரு விளக்கு உதவுமாறுபோல, திருவருள் பதியுமளவும் உயிர்க்கு உடம்பு உதவுகின்றது. திருமூல நாயனாரும் முன்னர் உடம்பை இகழ்ந்திருந்து, பின்னர் அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருத்தலைக் கண்டு, அதனைப் போற்றிக் காப்பாராயினர் என்பது திருமந்திரம் பயின்றார் அனைவரும் அறிந்தது.

உடம்பு விளக்காயின், விளக்கினிடத்து நாம் நாடுவது யாது? அதன் ஒளியன்றோ? விளக்கு பித்தளையாலாயது, மண்ணாலாயது, வெள்ளியாலாயது என்று உலோகத்தை விலைமதித்துக்கொண்டே வாயிலில் நிற்பவன், விளக்கேந்தியும் வழி நடவாதவன் ஆவன். உடம்பின் புறவண்ணத்தை அளந்து உயிரின் தகுதியைக் கூறுவார் நிலையும் இதுவே.

இனி, அம்மையார் களைந்தது யாது என்பதை நோக்குவாம். காரைக்காலில் வணிகர் தலைவராகிய தனதத்தர்க்கு மகளாய்த் தோன்றிய புனிதவதியார், நாகப்பட்டினத்து நிதிபதியின் மகனாகிய பரமதத்தனை மணந்து இல்லறம் நடத்தினர். கணவன் அனுப்பிய மாங்கனி இரண்டனுள் ஒன்றைப் பசித்துவந்த அடியார்க்கு இட்டதும், அக்கனியைக் கணவன் வேண்டியபோது இறைவன் அருளால் வேறொரு கனி அவர் கையில் வந்ததும், அதுகண்டு அஞ்சிய கணவன் கலமேறிச் சென்று பாண்டிநாட்டுப் பட்டினமொன்றில் வேறு மணம் புரிந்து வாழ்ந்ததும் நீவிர் அறிந்தனவே. சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி அவனிடம் கொண்டு சென்றபோது, அவன் தன் மனைவியொடும், அம்மையார் திருப்பெயரையே இட்டு வளர்த்த மகளொடும் வந்து அவர் அடிகளில் வீழ்ந்தனன். அப்பொழுதே அம்மையார், கணவன்பொருட்டுத் தாம் சுமந்து நின்ற வனப்புடைய தசையைக் கழித்து, திருவடி போற்றும் பேய்வடிவை அருளுமாறு இறைவனை இரந்தனர்.

இவ்விடத்து நுணுகி நோக்குக. அம்மையார் தம் உடம்பைப் பழித்தாரல்லர்; தம் அழகு குறைபாடுடையதென்று நொந்தாருமல்லர். அவ்வழகு இல்லறத்திற்கு உதவியவரையில் அதனைச் செம்மையாகப் பேணினர். அது எவர்க்காகச் சுமக்கப்பட்டதோ அவர் அதனை வேண்டாராயினபோது, பிறர் பொருட்டுச் சுமந்த சுமையை இறக்கி வைத்தனர். உடம்பை விட்டாரல்லர், உடம்பைப் பிறர் கண்ணுக்காகச் சுமத்தலையே விட்டனர். வேண்டப்பட்ட பேய்வடிவமும் ஓர் உடம்பே. அதுகொண்டே திருக்கயிலைக்குச் சென்றனர், அதுகொண்டே பாடினர், அதுகொண்டே ஆலங்காட்டில் கூத்துக் கண்டனர்.

அவ்வடிவொடு அவர் வழிச்செல்லுங்கால், கண்டோர் அஞ்சி ஓடினர் என்று சேக்கிழார் பெருமான் கூறுவர். அது கேட்ட அம்மையார் உள்ளத்தில் எழுந்த எண்ணம் யாதெனின், உலகுடைய முதல்வன் நம்மை இன்னார் என அறிந்தால் அமையும், உண்மை அறியாதார் பார்வையில் நாம் எவ்வாறு தோன்றினால் நமக்கு வருவதென் என்பதே. அன்பர்காள், பெரியபுராணத்துள் இதனினும் உரம் வாய்ந்த எண்ணம் வேறு உண்டோ என ஐயுறுகின்றேம். பின்னர்க் கயிலையில் உமையம்மையார் இவ்வென்புருவம் யாது என வினவ, நம்மைப் பேணும் அம்மை என்று இறைவன் விடையளித்தனன். தாய் தந்தை இல்லாத பெருமான் ‘அம்மையே’ என்று அழைத்தது, தலைகீழாய் நடந்துவந்த அவ்வென்புருவத்தையேயாம். அவர் தலையால் நடந்த நிலத்தை மிதிக்க அஞ்சித் திருஞானசம்பந்தர் ஆலங்காட்டின் புறத்தே தங்கினர் என்றும் படிக்கின்றோம்.

இதுகாறும் கூறியது கேட்டு, ‘அற்றேல், அழகென்பதே சைவத்திற்கு ஆகாததோ?’ என்று சிலர் வினவலாம். அற்றன்று. மதுரையில் எழுந்தருளிய பெருமானுக்குச் சுந்தரேசுவரர் என்பது திருநாமம். சிற்பிகள் திருமேனிதோறும் அழகை வார்த்து வைத்துள்ளனர். ஆயின் அவர்கள் எதனை அழகென்று கொண்டனர் என்பதை நோக்கல் வேண்டும். முதலாம் இராசேந்திர சோழன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத் திருக்கோயிலில், கூத்தப்பெருமான் திருவடிக்கீழ் அம்மையார் என்புருவாய் வீற்றிருக்கின்றனர். சோழர்காலச் சிற்பிகள் வார்த்த அம்மையார் செப்புத் திருமேனிகளுள் ஒன்று, இற்றைநாளில் அமெரிக்க நாட்டுக் கான்சாஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. உமையம்மையின் திருமேனியை எத்துணை அன்பொடு வார்த்தனரோ அத்துணை அன்பொடே விலாவென்பு தோன்றும் இம்முதுமேனியையும் வார்த்தனர். எனவே, அருள் விளங்கும் இடமே அழகு என்பது நம் முன்னோர் துணிபு என்பது பெற்றாம்.

நிறத்தைப்பற்றியும் அவர் துணிபு அதுவே. மாதொருபாகன் திருவுருவை எண்ணுக. வலப்பால் செம்மேனி, இடப்பால் கருமையும் பசுமையும் கலந்த மேனி. இரண்டும் ஒரே வடிவின் பாகங்கள். அவற்றுள் ஒன்று உயர்வு, மற்றொன்று தாழ்வு என்பார் உளரோ? அம்பிகைக்குச் சியாமளை, நீலி, காளி என்று திருப்பெயர்கள் வழங்குகின்றன. அவை யாவும் கருமையைக் குறிப்பன. வெள்ளிதோறும் கருங்கல் திருமேனியின் முன் நின்று கண்ணீர் மல்கத் தொழுதுவிட்டு, திரும்பும் வழியிலேயே உடன்வந்த பெண்ணை ‘நிறம் சற்றுக் குறைவு’ என்று பேசுவாரை என்னென்பது!

‘நிறம் குறைவு’ என்னும் அத்தொடரையும் சிறிது ஆராய்க. கருமையும் ஒரு நிறமே. அஃதிருக்க, குறைந்தது யாது? உடல்நூலாராய்ச்சி கூறுவதோ இதற்கு நேர்மாறு. தோலுக்கு வண்ணம் தருவது மெலனின் என்னும் பொருள். அதனைத் தோற்றுவிக்கும் நுண்ணறைகள் எந்நிறத்து மாந்தர்க்கும் ஏறக்குறைய ஒரே அளவினவே. அவை ஆக்கும் மெலனினது அளவும் வகையுமே வேறுபடும். கதிரவனது புறஊதாக் கதிர்களால் உடம்பு கேடுறாதபடி காப்பது அப்பொருள். எனவே, வெயில் மிக்க நாட்டில் பிறந்த உயிர்க்கு இறைவன் வழங்கிய குடை அது. குடை மிகுதியாகப் பெற்றாரைக் குறைபாடுடையார் என்று கூறும் பேதைமை நம்மிடையே நிலைத்துவிட்டது.

இப்பேதைமையைக் கொண்டு வாணிகம் செழிக்கின்றது. 1975-ஆம் ஆண்டு பாரத நாட்டில் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகக்களிம்பின் பெயரிலிருந்து, வெண்மையைக் குறிக்கும் முதற்சொல் 2020-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, ஒளியைக் குறிக்கும் வேறொரு சொல் புகுத்தப்பட்டது. கருநிறத்தாரைத் தாழ்ந்தோராகக் காட்டுதல் கூடாதென விளம்பரத் தரக் குழுவினர் 2014-ஆம் ஆண்டிலேயே நெறி வகுத்தனர். பெயர் மாறியது நன்றே. ஆயினும் வாங்குவார் உள்ளம் மாறாதவழிப் பெயர்மாற்றம் என் செய்யும்? வாங்குவோரை வாங்கத் தூண்டுவது களிம்பன்று; பெண் பார்க்க வந்தோரின் ஒரு சொல்லே.

அச்சொல்லால் விளையும் கேடு மனத்தோடு நின்றுவிடுவதன்று. நிறம் வெளுக்கச் செய்யும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகின்றது. அது மெலனின் தோன்றுதற்குத் துணையாகும் நொதியைத் தடுக்கின்றது. அதனால் தோல் வெளுத்ததுபோல் தோன்றுகின்றது. ஆயின் அப்பாதரசம் தோல்வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைத் தாக்கவல்லது. கேரளத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையே, சிறுநீரக வடிகட்டிகள் பழுதுற்றுச் சிறுநீரில் புரதம் கழியும் ஒருவகை நோயினர் 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவருள் 15 பேர்க்கு அரியதொரு வகையினதாக அந்நோய் காணப்பட, அப்பதினைவருள் 13 பேர் நிறம் வெளுக்கும் களிம்பு பூசிவந்தமை வெளிப்பட்டது. சப்பான் நாட்டு மினமாட்டா நகரில் 1956-இல் வெளிப்பட்ட பாதரச நஞ்சின் கொடுமையை நினைந்து, அந்நகரின் பெயராலேயே 2013-இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பத்து இலட்சத்தில் 1 பங்குக்குமேல் பாதரசம் சேர்ந்த ஒப்பனைப் பொருள்கள் 2020-க்குப்பின் ஆகா என அது விதித்தது. 2023-இல் கூடிய நாடுகள் அவ்வெல்லையையும் நீக்கின. நம் நாடும் 2018-இல் அதனை ஏற்றுக்கொண்டது. சட்டம் வந்தும், பெயரில்லாப் புட்டிகளிலும் வேற்றுநாட்டுக் குப்பிகளிலும் அந்நஞ்சு வீடு புகாமலில்லை. வேறு சில களிம்புகளில் கலக்கப்படும் ஸ்டீராய்டு மருந்துகளோ தோலையே மெலிவித்துவிடுகின்றன.

இதில் நகைத்தற்குரியதும் ஒன்று உண்டு. தோலின் மேற்படலம் ஏறக்குறைய ஒரு திங்களில் தானே உதிர்ந்து புதிதாகின்றது. உதிரப்போகும் படலத்தை வெளுப்பித்தற்கு, உதிராது உழைக்கும் சிறுநீரகத்தை விலையாகக் கொடுக்கின்றோம்.

இவை யாவற்றிற்கும் வேர் யாது என்று சித்தாந்த முறையால் நாடுவாம். உயிரின் இயல்பைக் கூறுமிடத்து, சார்ந்ததன் வண்ணமாதல் என்று நம் ஆசிரியர்கள் வரையறுத்தனர். படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுமாறுபோல, உயிர் எதனைச் சார்கின்றதோ அதுவாகவே நிற்கும். ஆணவத்தைச் சார்ந்தவழி ஆணவமாயும், சிவத்தைச் சார்ந்தவழிச் சிவமாயும் நிற்கும். பிறர் கண்ணையே இடைவிடாது சார்ந்து நிற்கும் உயிர் எதுவாகும்? அவர் பார்வையின் நிறமே தன் நிறம் என்று மயங்கும். அவர் புகழ்ந்தால் பூரித்தும், இகழ்ந்தால் இற்றும் போகும். நிலைக்கண்ணாடி முன்னரும், தன் முகத்தைத் தானே திருத்திக் காட்டும் கைப்பேசி முன்னரும் நம் இளைஞர் கழிக்கும் நாழிகைகளை இவ்விலக்கணங்கொண்டு நோக்குக. அவர்கள் காணுவது தம் முகத்தையன்று. தம்மைக் காண்பார் முகத்தையேயாம். அம்மையார் அச்சார்பை விட்டு இறைவன் அறிதலையே சார்ந்தனர். சார்பு மாறியது; வண்ணமும் மாறியது.

ஈண்டு ஒரு தடை எழும். ‘ஒப்பனை வேண்டாவெனின், திருநீறும் உருத்திராக்கமும் பூணுதல் ஒப்பனையன்றோ?’ என்பர். ஒப்பனை என்பது உடம்பை நோக்கிக் கண்ணை ஈர்ப்பது. திருவேடமோ உடம்பைக் கடந்து சிவத்தின்பால் கருத்தை ஈர்ப்பது. திருநீறு, இவ்வுடம்பு ஈற்றில் ஆவது இதுவே என்று நெற்றியிலே எழுதிவைப்பது. எந்நிறத்து நெற்றியிலும் அஃது ஒரே வெண்மையது. வெளுத்தார்க்கு ஒரு நீறு, கறுத்தார்க்கு ஒரு நீறு என்று எக்கோயிலிலும் வழங்குவதில்லை.

ஆகவே, இயற்கை வாழ்வை மேற்கொள்ளுமாறு கூறுகின்றேம். வைகறை எழுதல், நன்னீராடல், எளிய உணவு, உடலுழைப்பு, காலத்தில் உறக்கம், ஐந்தெழுத்து ஓதுதல் என்னும் இவை உடம்பாகிய கோயிலுக்குச் செய்யும் திருப்பணிகள். நரை வந்தவழி நரையை நரையாகவே விடுக. எண்ணெய் முழுக்கும் சீயக்காயும் நம் பாட்டிமார்க்கு அமைந்தன, நமக்கும் அமையும். ஆயினும் ‘இயற்கை’ என்று எழுதி விற்பன எல்லாம் இயற்கையல்ல. கருமருதாணி என்று விற்கும் பொருளில் தோலைப் புண்ணாக்கும் தலைமயிர்ச் சாயம் கலப்பதும், மஞ்சட்பொடியில் ஈயங்கலந்த வண்ணம் சேர்ப்பதும் உண்டு. ஒரு களிம்பை விட்டு மற்றொரு களிம்பைப் பற்றுதல் துறவாகாது. மேலும், ‘யான் ஒப்பனையற்றவன்’ என்னும் செருக்கும் ஓர் ஒப்பனையே. ஆணவம் கந்தையுடுத்தும் உலாவவல்லது. தூய ஆடையும் ஒருமலரும் அணிந்து மகிழும் இளம்பெண்ணை இகழ்தற்கு எவர்க்கும் உரிமையில்லை.

இனி, அத்தாய்க்குச் சொல்லவேண்டிய விடைக்கு வருவாம். அம்மையார் துறந்தது தம்மிடத்து உளதென்று உலகம் ஒப்பிய அழகை. உலகம் இல்லையென்று பறித்துக்கொண்ட ஒன்றைத் ‘துறந்துவிடு’ என்று ஒரு மகளிடம் சொல்வது துறவுரையாகாது, புண்ணில் கோலிடுதலேயாம். அக்குற்றத்தை யாம் செய்தேம். துறக்க வேண்டியவர் அம்மகளல்லர், அவளை அளந்த நாமே. துறக்கவேண்டியதும் அவள் தசையன்று, நம் கண்ணில் குடிகொண்ட அளவுகோலே.

சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே தொழுக என்று முடிகின்றது. மெய்ப்பொருள் நாயனார், தம்மைக் கொல்லவந்த பகைவன் மேனியில் திருநீறு இருந்தமை கண்டு வணங்கி, உயிர் நீங்குமளவும் அவனுக்குத் தீங்கு வாராமற் காத்தனர். நீறு பூசிய பகைவனை அவர் அங்ஙனம் கண்டார். நீறு பூசித் திருக்கோயிலுள் நிற்கும் ஓர் இளம்பெண்ணை நாம் எங்ஙனம் கண்டோம்? அவள் நெற்றியின் நீறு நம் கண்ணிற்படாது, நெற்றியின் நிறமே பட்டதெனின், நாம் தொழவேண்டிய இரண்டையும் ஒருங்கே இகழ்ந்தோமாவேம். ஓர் உயிரைக் கோயிலுக்கு வரவொட்டாது செய்தல், வருவார்க்குக் கதவடைத்தலே. கதவைச் சொல்லாலும் அடைக்கலாம்.

எனவே அன்பர்காள், இன்றுமுதல் இவ்வொரு நோன்பை மேற்கொள்வாம். திருக்கோயில் எல்லையுள் எவருடைய நிறத்தையும், பருமையையும், நரையையும், வழுக்கையையும் நன்றென்றேனும் தீதென்றேனும் பேசாதிருப்போம். நம் பிள்ளைகட்கு மணம்பேசுமிடத்து ‘நிறம்’ என்னும் சொல்லை நாவில் கொள்ளாதிருப்போம். இது சிறிய நோன்பே. ஆயினும் பலர்க்கு உண்ணாநோன்பினும் அரியது.

அம்மையீர், உம்முடைய மகளார்க்கு இதனைச் சொல்லுக. அவரை அறிந்தவன் உள்ளே இருக்கின்றான். அம்மையை ‘அம்மையே’ என்று அழைத்த அவன் அவரது நிறத்தை வினவான். மற்று, அவரைக் கோயிலுக்கு வருக என்று யாம் அழைக்குமுன், எம் சுற்றத்தார் நாவைத் திருத்தக் கடவேம். அதன்பின் அவர் வருவாராயின், அவர் நெற்றியில் நீறிட்டு, அடியாரை வணங்குமாறே வணங்குவேம். வாராராயின், குறை எம்மதேயாம்.

திருச்சிற்றம்பலம்